பதினேழாம் எண் வைத்த பொட்டு

பொம்மைக் காரைக் கையில் எடுத்தால் எல்லாரும் முதலில் அதன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இசோபே யசுவோ திருப்பி, பின்பக்கத்தைப் பார்ப்பார். பெயிண்ட் உதிர்ந்திருக்கிறதா, சக்கரம் ஓடுகிறதா, பழைய அட்டைப்பெட்டி கூடவே இருக்கிறதா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பின்விளக்குகளை உற்றுப் பார்ப்பார். பத்தில் ஒன்பது தடவை தலையை ஆட்டிவிட்டுக் காரைக் கீழே வைத்துவிடுவார். என்றைக்காவது ஒருநாள் முகம் மலரும். அன்றைக்குப் பேரம்கூடப் பேசமாட்டார்.

தோக்கியோவின் கிழக்குக் கோடியில், கட்சுஷிகாவில், பழைய உலோக வார்ப்புப் பொம்மைக் கார் சேர்ப்பவர்கள் நடுவே அவருக்குப் 'பின்பக்க இசோபே' என்று பெயர். பெயர் வைத்தவர் பல் டாக்டர் நருசே. இவர்கள் இருவருக்கும் இருபத்தேழு வருடப் பழக்கம். நருசேயின் மருத்துவமனை மாடியில் கண்ணாடி அலமாரி வரிசையாக நிற்கும். உள்ளே அறுபதுகளில் வந்த டாட்சன் புளூபேர்ட், பிரின்ஸ் குளோரியா, சுபாரு 360 எல்லாம் அன்றைக்குக் கடையிலிருந்து வந்த மாதிரி பளபளக்கும். கீறல் இருந்தால் நருசே தொடமாட்டார். இசோபே வாங்குவதோ பிள்ளைகள் மண்ணில் உருட்டி விளையாடிச் சலித்துப்போட்ட வண்டிகள்.

"இதைப் பாக்கிறப்ப எனக்குப் பல்லு கூசுது இசோபே-சான். பம்பரே இல்லையே" என்பார் நருசே.

"பம்பர் எனக்கெதுக்கு டாக்டர்? விளக்கு ரெண்டும் இருக்கு, போதும்."

அந்த விளக்குகளுக்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் நருசேயிடம் சொல்லவே பத்து வருடம் ஆயிற்று.

யசுவோ பிறந்தது 1961-இல், அதே கட்சுஷிகாவின் ததேஇஷியில், இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய ஒரு சந்தில். அப்பா யசுவோவுக்கு மூன்று வயதாகும்போதே ஆற்றுப்படகில் நடந்த ஒரு விபத்தில் போய்விட்டார். அம்மா தோமி வீட்டிலிருந்தபடியே வேலை செய்தாள். அந்தச் சந்தில் எல்லா வீட்டிலும் அதே கதைதான். ஒரு வீட்டில் பொம்மைக்குக் கண் ஒட்டுவார்கள், அடுத்த வீட்டில் தகர ரயிலுக்குச் சக்கரம் மாட்டுவார்கள். தோமிக்குக் கிடைத்தது கார்களின் பின்விளக்கு. அசகாதோ என்று ஒரு சின்ன பொம்மைக் கம்பெனி. உள்ளங்கையில் அடங்குகிற வார்ப்புக் கார்களை அங்கே உடம்பு முழுக்கப் பெயிண்ட் அடித்து அனுப்பிவிடுவார்கள். விளக்குக்குச் சிவப்புப் பொட்டு வைப்பதற்கு மட்டும் மெஷின் கிடையாது. கம்பெனி ஆள் தவாரா வாரத்துக்கு இரண்டு முறை சைக்கிள் வண்டியில் பெட்டிகளை இறக்கிவிட்டு, முடிந்ததை எடுத்துப் போவான்.

மூன்று நான்கு முடி மட்டும் உள்ள பிரஷ்ஷால் ஒரு தொடு தொட்டு இழுத்தால் பொட்டு விழும். இழுத்த பக்கம் மயிரிழை போல ஒரு வால் நிற்கும். காற்புள்ளி மாதிரி. தோமி வேலை செய்யும்போது யசுவோ தாழ்ந்த மேசைக்கு எதிர்ப்புறம் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். தொடக்கூடாது என்பது கட்டளை. ஐம்பது ஐம்பதாய்க் கார்கள் வரும், போகும். ஒன்றுகூட வீட்டில் தங்கியதில்லை. கடையில் அதை வாங்கித் தர அம்மாவால் முடியாது. அவரும் கேட்டதில்லை.

தோமி இடதுகைக்காரி. வெங்காயம் நறுக்குவது, துணி தைப்பது, அடி கொடுப்பது எல்லாம் இடது. பள்ளிக்கூடத்தில் கட்டாயப்படுத்தியதால் பேனா மட்டும் வலது கையில். பிரஷ்ஷும் இடது கையில்தான் இருந்தது என்பது யசுவோவின் ஞாபகம். கண்ணை மூடினால் தெரியும்: இடது பக்கமாக அசைகிற கை, இடது பக்கமாக ஓடுகிற சிவப்பு.

தோமி 1994-இல் இறந்தாள். மறு வருடம், ஒரு கோயில் வளாகத்துப் பழம்பொருள் சந்தையில், சும்மா நடந்துபோன யசுவோ ஒரு பிரின்ஸ் குளோரியாவைக் கையில் எடுத்தார். அசகாதோ முத்திரை. திருப்பினார். இரண்டு பொட்டிலும் வால் இடது பக்கம். பக்கத்தில் கிடந்த இன்னும் ஆறேழு அசகாதோ கார்களைத் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் வால் வலப் பக்கம்தான். நூறு பெண்கள் வலது கையால் வைத்த பொட்டுகளுக்கு நடுவே ஒரே ஒருத்தி இடது கையால் வைத்தது. கேட்ட விலையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து தேடல். அவர் பஸ் ஓட்டுநர். ஸ்டேஷனிலிருந்து ஆற்றங்கரை வரை, அங்கிருந்து திரும்ப ஸ்டேஷன் வரை என்று ஒரே தடத்தில் முப்பது வருடம் ஓட்டியவர். விடுப்பு நாள் வந்தால் சந்தை, கண்காட்சி, மூடப்போகிற கடை என்று கிளம்பிவிடுவார். மனைவி ஹருயோ சலவைக் கடையில் வேலை பார்த்தாள். "மத்த ஆம்பளைங்க குதிரைப் பந்தயத்துக்குப் போறாங்க. எம் புருஷன் மாமியாரைத் தேடிப் போறாரு. குறை சொல்லவும் முடியல, பாராட்டவும் முடியல" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வாள். அப்படி அறுபத்தொரு வயதுக்குள் நாற்பத்து மூன்று கார்கள் சேர்ந்தன. அத்தனையிலும் இடது வால்.

2022-ஆம் வருடம் வசந்தத்துக்கு முன்னால், வட்டாரத்துச் சின்னக் காட்சிக்கூடம் ஒன்றிலிருந்து செகாவா என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். வீட்டுவேலையாகப் பொம்மை செய்த பெண்களைப் பற்றி இலையுதிர் காலத்தில் ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னாள்.

"செஞ்சவங்க பேரு யாருதுமே எங்கயும் இல்லைங்க. கம்பெனி பேருதான் இருக்கு. பேரோட கிடைக்கிறது உங்க அம்மா ஒருத்தங்கதான். நாற்பத்து மூணையும் நடுவுல ஒரு தனி மேசையில வெக்கிறோம். 'இசோபே தோமியின் கை'ன்னு போடலாமா?"

ஹருயோதான் உள்ளேயிருந்து, "போடுங்க, போடுங்க, ஆனந்தத்துல அவருக்குப் பேச்சு நின்னுபோச்சு" என்றாள்.

ஜூன் மாத மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேகரிப்பவர்கள் கூடுகிற சந்தை ஒன்றில் அந்தப் பெட்டி வந்தது. மூடிப்போன ஒரு கடையின் மாடியில் கிடந்ததாம். பிரிக்கப்படாத மொத்தப் பெட்டி. உள்ளே பன்னிரண்டு மாஸ்டா கரோல், இளநீல நிறம், ஒவ்வொன்றும் மெல்லிய தாளில் சுற்றியபடி. நருசே ஒன்றைப் பிரித்தார்.

"கீறலே இல்ல. அறுபது வருஷத்துல ஒரு கை கூடப் படல. இசோபே-சான், இது என்னோடது. நீங்க பார்த்துட்டுக் குடுங்க, அவ்வளவுதான்."

யசுவோ வழக்கம்போலத் திருப்பினார். இடது வால். அடுத்ததைப் பிரித்தார். இடது வால். பன்னிரண்டிலும் அப்படியே. பெட்டியின் அடியில் மஞ்சள் பூத்த ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. சரிபார்த்த சீட்டு. வேலைசெய்தவர் எண்: 17.

பதினேழு. கம்பெனி கொடுத்த அம்மாவின் பழைய வேலை மேலங்கி ஒன்று வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதன் கழுத்துப் பட்டையில் மையால் குத்திய எண் அதுதான். இருபத்தேழு வருடமாக நம்பிக்கையாக மட்டும் இருந்தது இப்போது தாளில் எழுதியிருக்கிறது.

"டாக்டர், என்னை மன்னிச்சிடுங்க. இதை நான் விடமாட்டேன்" என்றார்.

நருசே சீட்டிலிருந்த எண்ணைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டார். "எடுத்துக்கங்க. ஆனா இதை நீங்க மண்ணுல உருட்டி விளையாடினதா கேள்விப்பட்டேன்னா, மயக்கமருந்து போடாம பல்லைப் பிடுங்குவேன்."

சீட்டை முழுசாகப் படித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான். ஹருயோ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எண்ணுக்குக் கீழே தேதி இருந்தது. ஷோவா 41, நவம்பர் 12.

1966 நவம்பர். அவருக்கு ஐந்து வயது. அந்த வருடம் செப்டம்பரில் அம்மாவுக்கு நுரையீரலில் நீர் கோத்து, மலையடிவார மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். அவரை சோஷியில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கடல் காற்றும், மாமி தினமும் சுட்டுத் தந்த மத்தி மீனும், ஜன்னலோரம் நின்று அழுததும் அவருக்கு நன்றாக ஞாபகமிருந்தது. அம்மா திரும்பி வந்தது பிப்ரவரியில்.

அவர் சீட்டை மனைவியிடம் நீட்டினார். அவளுக்கும் அந்தக் கதை தெரியும். படித்துவிட்டு மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"தேதியைத் தப்பா எழுதியிருப்பாங்க."

"ஒரு நாள் ரெண்டு நாள்னா தப்பு. ரெண்டு மூணு மாசமா தப்பு?"

"அப்ப இந்தப் பன்னெண்டு மட்டும் வேற யாரோ."

"அதே வால் ஹருயோ. அதே கை. இது வேற யாரோன்னா, நாற்பத்து மூணும் வேற யாரோ."

அவள் சீட்டை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு, "சீட்டை நாம ரெண்டு பேருதான் பார்த்திருக்கோம். டாக்டர் எண்ணை மட்டும் பார்த்தாரு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள். சொன்ன கையோடு, "நான் சொல்லல. சும்மா சொல்லிப் பார்த்தேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

இரண்டு வாரம் அவர் ஒன்றும் செய்யவில்லை. பஸ் ஓட்டினார். எதிரில் சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் மனசு அந்தச் சந்துக்குப் போய்விடும். யார்? அந்தச் சந்தில் விளக்குப் பொட்டு வைத்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அம்மா. இன்னொருத்தி அடுத்த வீட்டு ஓகதா கிகு. அந்த அத்தையோடு அம்மா பேசமாட்டாள். ஏன் என்று அவர் கேட்டபோதெல்லாம் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். அவருக்கு எட்டு வயதாகும்போது ஓகதா குடும்பம் வீடு மாறிப் போயிற்று.

பழைய சந்துக்காரர்கள் இரண்டு மூன்று பேரை விசாரித்ததில் விலாசம் கிடைத்தது. கமேஆரியில் மகள் வீட்டில் இருக்கிறாள். எண்பத்தேழு வயது. காது நன்றாகக் கேட்கிறது, கால்தான் வரவில்லை என்றார்கள்.

அவர் நாற்பத்து மூன்றில் நாலு கார்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். மகள் கதவைத் திறந்து உள்ளே உட்காரவைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள். கிகு ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். சின்ன உருவம், கண் மட்டும் கூர்மை. சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப்பெயரிலேயே அழைத்தாள்.

"யாரு, யசுபோவா? தலை நரைச்சு வந்திருக்கே! உனக்கு மூக்கு ஒழுகிட்டே இருக்குமே, இப்ப நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு அத்தை. பஸ் ஓட்டுறேன், ஒழுகினா ஜனங்க ஏறமாட்டாங்க."

அவள் சிரித்தாள். அவர் துணியைப் பிரித்து ஒரு காரை அவள் கையில் வைத்தார். கிகு அதைப் பார்த்தாள். அவரைப்போலவே, உடனே திருப்பினாள். திருப்பி, அப்படியே கூரை கீழே இருக்கும்படி உள்ளங்கையில் கவிழ்த்துக்கொண்டாள். விரல்கள் தாமாகச் செய்தன.

"என்னோடது" என்றாள்.

அவள் அடுத்ததை வாங்கினாள். "இதுவும் என்னோடது." மூன்றாவது. "ம்." நாலாவதைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, முகம் சுளித்தாள். "இது நான் இல்ல. எவளோ தூங்கிட்டே வெச்சிருக்கா."

"அத்தை, நீங்க இடதுகைக்காரங்களா?"

"நானா? இல்லியே. ஏன்?"

"வால் இடப் பக்கம் போவுதே."

"கவுத்துப் பிடிச்சு வெச்சா அப்படித்தான் போவும். நான் மேசையில வெச்சு வேலை பார்க்கமாட்டேன், முதுகு வலிக்கும். இப்படி உள்ளங்கையில கவுத்துக்குவேன்." மேசைமேல் கிடந்த சாப்பாட்டுக் குச்சியை எடுத்து, கவிழ்ந்த காரின் பின்னால் இடமிருந்து வலமாக ஒரு தொடு தொட்டு இழுத்துக் காட்டினாள். பிறகு காரை நிமிர்த்தினாள். "இப்பப் பாரு. வால் எந்தப் பக்கம்?"

இடது பக்கம்.

"அப்ப எங்கம்மா?"

"தோமி-சான் மேசையில நிமித்தி வெச்சுத்தான் செய்வா. எல்லாரும் மாதிரி. வலது கையால."

"இடது கை அத்தை. நான் பார்த்திருக்கேன். இந்தப் பக்கம் அசையும்." அவர் தன் இடது பக்கத்தைக் காட்டினார்.

கிகுவின் குரல் இறங்கியது. "நீ எங்கடா உக்காருவே யசுபோ? எதிர்ல. எதிர்ல உக்காந்தவனுக்கு அவ வலது கை எந்தப் பக்கம் தெரியும்?"

முப்பது வருடம் பின்கண்ணாடியைப் பார்த்து பஸ் ஓட்டியவருக்கு அது தோன்றவில்லை. வலது வால் என்று இருபத்தேழு வருடம் அவர் கீழே வைத்த வண்டிகள் எத்தனை? ஆயிரம் இருக்கும். அம்மாவின் கார்களைத் தேடிப் போன இடமெல்லாம், அம்மாவின் காரை எடுத்துப் பார்த்து, இது இல்லை என்று திருப்பி வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அவர் சீட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் எட்டப் பிடித்துப் படித்தாள்.

"ஆமா. நான்தான் வெச்சேன். அவ எண்ணுல வெச்சேன்."

"அம்மா கேட்டாங்களா?"

"அவளா கேப்பா? ஆஸ்பத்திரிக்குக் கிளம்பற அன்னிக்கு வாசல்ல நின்னு, மூணு வாரம் பெட்டி திரும்பலன்னா பேரை அடிச்சிடுவாங்கன்னு மட்டும் சொன்னா. நெஞ்சுல சீக்குன்னு தவாராவுக்குத் தெரிஞ்சாலும் அவ்வளவுதான், பிள்ளைங்க வெளையாடற சாமானாச்சே, திரும்பி வந்தாலும் வேலை கிடைக்காது. அதனால அவ பெட்டியை நான் என் வீட்டுக்குள்ள இழுத்துக்கிட்டேன். தவாரா வந்தா, தோமி-சான் குளிக்கப் போயிருக்கா, தோமி-சான் இப்பதான் வெளிய போனான்னு சொல்லி வெப்பேன். அஞ்சு மாசம் குளிச்சா உங்கம்மா."

யசுவோ சிரித்துவிட்டார். கண்ணும் நிறைந்திருந்தது.

"அப்புறம் ஏன் அத்தை பேச்சு நின்னுபோச்சு?"

கிகு காரின் சக்கரத்தை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"பிப்ரவரியில வந்தா. மார்ச்சுல கம்பெனியில வருஷாவருஷம் நல்லா செஞ்சவங்களுக்குப் பரிசு குடுப்பாங்க. அந்த வருஷம் பதினேழாம் எண்ணுக்குக் கிடைச்சுது. ஒரு அலுமினியக் கெட்டில். இலையுதிர் காலத்துல இருந்து உங்க கை ரொம்பத் தேறிடுச்சும்மான்னு தவாரா எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கான். பாவம், அவன் பாராட்டத்தான் சொன்னான். உங்கம்மா அந்தக் கெட்டிலைக் கொண்டுவந்து என் வாசல்ல வெச்சுட்டு, ஒரு வார்த்தை பேசாம போயிட்டா. எனக்கு வந்துதே கோவம்! நான் பரிசுக்கா செஞ்சேன்? எடுத்துட்டுப் போய் அவ வாசல்ல வெச்சேன். மறுநாள் திரும்ப என் வாசல்ல. இப்படியே ஒரு வாரம். சந்து பூரா வேடிக்கை பார்த்துச்சு. கடைசியில மழையில நனைஞ்சு நடுச் சந்துல கெடந்துச்சு. யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் திமிரு. அவளுக்கு நன்றி சொல்ல வரல. எனக்கு அவ வெட்கப்பட்டான்னு புரியல. புரியறப்ப நாங்க வீடு மாறிட்டோம். போஸ்ட் கார்டு எழுதினேன், போடல." அவள் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக மேசையில் நிறுத்தினாள். "உன்னைப் பத்திச் சொல்லுவா அப்பல்லாம். தொடாதேன்னு சொன்னா தொடவே மாட்டேங்கறான், அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கலைன்னு."

அவர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து ஹருயோவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் நாற்பத்து மூன்று கார்கள் நிற்கிற அலமாரியைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷம் மாமியார்னு நெனச்சு இதுங்களைத் துடைச்சு வெச்சேன். அடுத்த வீட்டம்மாவா?" என்றாள். அப்புறம், "அப்ப இனிமே வலது வால் வண்டி எதைப் பார்த்தாலும் உங்கம்மாவோடதா இருக்கும்னு தூக்கிட்டு வருவீங்க. வீடு தாங்காது சாமி."

அவர் அருகில் வந்து உட்கார்ந்தாள். "செகாவா-சானுக்குச் சொல்லணும் இல்ல?"

"சொல்லணும்."

"நானும் கூட வரட்டுமா?"

"வா."

செகாவா கேட்டு முடிக்கும்வரை குறிப்பெடுக்கவில்லை. கேட்டு முடித்ததும் அவர் எதிர்பார்த்த ஏமாற்றம் அவள் முகத்தில் இல்லை. அட்டையில் என்ன எழுதுவது என்று மட்டும் கேட்டாள். யசுவோ வழியெல்லாம் அதை யோசித்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஓகதா கிகுன்னு போடுங்க."

ஆனால் கிகுவிடம் அனுமதி கேட்கப் போனபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "என் எண் பதினெட்டு. பதினெட்டுல நான் செஞ்சது ஆயிரக்கணக்குல இருக்கு, அதுக்கு என் பேரைப் போடு. அந்த நீலப் பெட்டி பதினேழு. அது அவ இடம். நான் அந்த இடத்தைக் காப்பாத்தி வெச்சேன், அவ்வளவுதான். ரெண்டு பேரையும் சேர்த்துப் போடு" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். 'பொட்டு வைத்தவர்: ஓகதா கிகு. இசோபே தோமியின் எண்ணில்' என்று கரோல் பெட்டிக்கு ஓர் அட்டை தனியாக எழுதினார்கள்.

அக்டோபரில் கண்காட்சி திறந்தது. மகள் சக்கர நாற்காலியைத் தள்ள, கிகு வந்தாள். நல்ல கருநீல உடுப்பு போட்டிருந்தாள். நருசே மருத்துவமனையைப் பூட்டிவிட்டு வந்து, மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து, பம்பர் இல்லாத வண்டிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கிகு கண்ணாடிக்குக் கிட்டே போய், கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, செகாவாவைக் கூப்பிட்டாள்.

"பொண்ணே, நான் போட்ட விளக்கை யாரும்மா பார்ப்பாங்க? எல்லாம் மூஞ்சியைக் காட்டிட்டு நிக்குது."

செகாவா சிவந்துபோய் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு, பூட்டைத் திறந்து, கிகு தன்னுடையதில்லை என்ற ஒன்று போக ஐம்பத்து நாலு கார்களையும் திருப்பிவைத்தாள். அரைமணி நேரம் ஆயிற்று. வந்திருந்தவர்கள் எல்லாரும் பொறுமையாக நின்றார்கள். கிகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் யசுவோவிடம் ஒன்று கேட்டாள். வாழ்க்கையில் ஒருநாளும் அந்தக் காரில் ஒன்றுகூடத் தன் வீட்டில் இருந்ததில்லை, ஒன்று கிடைக்குமா என்று. கண்காட்சி முடிந்ததும் அவர் பன்னிரண்டு கரோல்களையும் கொண்டுபோய் வைத்தார். அவள் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் யசுவோ நருசேயின் மாடிக்குப் போனார். கண்ணாடி அலமாரியில் இருந்த அசகாதோ புளூபேர்ட் ஒன்றை எடுத்துத் தரச் சொன்னார். வெள்ளை நிறம், கீறல் இல்லாதது, வலது வால். இருபத்தேழு வருடமாக அவர் பார்த்த வண்டி. நருசே அதை அவ்வளவு சுலபத்தில் விட்டுவிடவில்லை. மூன்று வியாழக்கிழமை பேசி, கடைசியில் இரண்டு கரோலுக்குச் சம்மதித்தார்.

அடுத்த விடுப்பு நாளில் அதை கமேஆரிக்கு எடுத்துப்போனார். கிகு அடியில் கணப்பு வைத்த கோதாட்சு மேசையின் போர்வைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவர் சொல்வதற்கு முன்பே புரிந்துகொண்டாள். வண்டியை வாங்கி, தோமி செய்ததைப்போல நிமிர்த்தி மேசையில் வைத்து, பின்னாலிருந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் ஆயிற்று.

"தெரியல யசுபோ. நிமித்தி வெச்சுச் செஞ்சவங்க நூறு பேரு. நல்ல கை. அவளா இருக்கலாம்."

"ம்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஆமான்னு சொல்லட்டுமா? சொல்லுவேன். எனக்கு வயசு எண்பத்தேழு, யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க."

யசுவோ யோசித்தார். "வேணாம் அத்தை. இருக்கலாம்னு சொன்னீங்களே, அது போதும்."

கிகு தலையசைத்து, சோயா தடவிச் சுட்ட அரிசி வில்லைகள் இருந்த தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடு. தொடாதேன்னு யாரும் சொல்லல."